தேனீக்களைப் பூட்டிய தாய்மாமன்

ஒரு குடும்பத்தில் யாராவது ஒருவன் பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் வெளியே எடுத்துவிட்டால் போதும், அன்றிலிருந்து அவன்தான் அந்தக் குடும்பத்தின் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அவன் படித்தது வணிகவியலாக இருக்கலாம். பார்ப்பது கஸ்டமர்களின் திட்டைப் போனில் வாங்கிக்கொள்ளும் வேலையாக இருக்கலாம் (கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது, நான் போடியில் வீட்டிலிருந்தபடியே திட்டு வாங்குகிறேன்). அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் அவன் வாயைத் திறக்க மாட்டான். எனக்கு அந்தப் பட்டம் ரொம்பவே பிடித்திருந்தது.

என் அக்கா செல்வி எனக்கு நேர் எதிர். கண்ணால் பார்க்காத எதையும் சொல்ல மாட்டாள். ஏலச்செடிக்கு வருகிற தேனீக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஏலப்பூ இருக்கிறதே, அது மற்றப் பூக்களைப் போல மனிதர் நின்று பார்க்கிற உயரத்தில் பூக்காது. செடியின் தூரில், தரையோடு தரையாகச் சரம் விட்டுப் பூக்கும். ஆகவே அக்கா விடியற்காலை ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, ஈர மண்ணில் குப்புறப் படுத்து, எந்தத் தேனீ எந்தப் பூவில் எவ்வளவு நேரம் உட்காருகிறது என்று படம் எடுப்பாள். அந்த நேரத்தில் அட்டைகள் அவள் காலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தன என்பதற்குக் கணக்கு இல்லை. பல சீசன் இப்படிப் போனது. கல்யாணம், பிரசவம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் விடாமல் செய்த ஒரே வேலை அது.

படங்களெல்லாம் இருந்தது போடிமெட்டுக்குப் பக்கத்தில், மச்சானின் தோட்டத்து வீட்டுக் கம்ப்யூட்டரில். (மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். பெயர் பாண்டி. பேச்சு கம்மி, ஏலக்காய் நிறைய.) ஆராய்ச்சிக் கட்டுரையையும் அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். போடியில் அவர்கள் வீட்டில் இருந்தால் உப்பு கேட்டு, உளுந்து கேட்டு, நியாயம் கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்களாம்.

ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கம் இடி விழுந்து அந்த வீட்டு டிவி கருகிப் போனது. கம்ப்யூட்டர் தப்பியது. மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"தம்பி, டிவிக்குப் பதிலா கம்ப்யூட்டரு போயிருந்தா என் கதி என்னடா?"

"நான் எதுக்குக்கா இருக்கேன்?" என்றேன்.

அவள் அதை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் நான் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும், அந்த நகல் பூட்டப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தாடி இல்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் தெரியவில்லை. உடனே காரியத்தில் இறங்கினேன்.

முதல் காரியம், மலை மேல் இருக்கும் அக்காவின் ஃபோல்டரை என் லேப்டாப்பில் மவுண்ட் செய்தேன். அதாவது, ஃபோல்டர் இருப்பது மலையில், ஆனால் போடியில் என் திரையில் என் சொந்த ஃபோல்டர் மாதிரியே தெரியும். பக்கத்து ஹோம்ஸ்டேக்காரருக்காக மலையேறிய இன்டர்நெட் கம்பியிலிருந்து மச்சானும் ஓர் இணைப்பு வாங்கியிருந்ததால் இது நடந்தது. அக்கா எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடி மலைத் தேனீயைத் திறந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றாள். அந்த 'அடேயப்பா'வில் எனக்குத் தலை கால் புரியாமல் போய்விட்டது.

இரண்டாவது காரியம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஃபோல்டரை முழுசாக ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, என்கிரிப்ட் செய்து, அம்மாவின் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். என்கிரிப்ட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் யாருக்கும் புரியாத கூழாக அரைத்து வைத்துவிடும். சரியான சாவி கொடுத்தால்தான் கூழ் திரும்ப அரிசியாகும்.

"எதுக்குடா பூட்டு?" என்றாள் அக்கா.

"திருடன் டிஸ்க்க எடுத்துட்டுப் போயிட்டா?"

"எடுத்துட்டுப் போயி? தேனீயப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பானா?"

"டேட்டாக்கா. இது டேட்டா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளே பீரோ கதவைத் திறந்துவிட்டாள்.

பூட்டுக்குப் பாஸ்வேர்டு ஒன்று உண்டு. அதோடு ஒரு ஃபைலையும் சாவியாக வைக்கலாம் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். பாட்டாக இருக்கலாம், படமாக இருக்கலாம். பாஸ்வேர்டையும் அடித்து அந்த ஃபைலையும் காட்டினால்தான் பூட்டு திறக்கும். அந்த ஃபைலில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் திறக்காது. உலகத்தில் உள்ள எத்தனையோ படங்களை விட்டுவிட்டு நான் எதைச் சாவியாக வைத்தேன் என்றால், என் படத்தை.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா மகள் யாழினிக்குக் காது குத்தியபோது நான்தான் தாய்மாமன். மடியில் உட்கார வைப்பவன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் அன்று ஒரு நாள் அவன் மந்திரிக்குச் சமம். சீர்த் தட்டுகளுக்கு முன்னால் மேளம், அதற்கும் முன்னால் அவன் படம் போட்ட ஃப்ளெக்ஸ். அதற்கென்றே போடிமெட்டு வளைவு ஒன்றில் மச்சானின் ஜீப்பில் சாய்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டி, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி படம் எடுத்துக்கொண்டேன். (தூரத்தில் ஒன்றும் இல்லை. ஒரே மூட்டம்.) அதுதான் சாவி. வாரா வாரம் அதைப் பார்க்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது, வேறென்ன.

சரி, சாவியை எங்கே வைப்பது? அக்காவின் ஃபோல்டரை விடப் பத்திரமான இடம் உண்டா? மலையில் அசல், போடியில் நகல். என் படத்தை அந்த ஃபோல்டருக்குள்ளேயே போட்டேன். லேப்டாப்பில் இருந்த படத்தை அழித்தேன், திருடன் கையில் கிடைத்துவிடக் கூடாது பாருங்கள். அந்தத் திருடனுக்காக நான் பட்ட பாட்டைப் பார்த்தால் அவனே வந்து வேண்டாம் தம்பி என்று சொல்லியிருப்பான்.

அக்கா ஆராய்ச்சிக் கட்டுரையைத் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே தவணை வாங்கி, தவணைக்கு மேல் தவணை வாங்கி, இனி இல்லை என்று அவளுடைய கைடு கையை விரித்துவிட்டார். திங்கள் தவறினால் பதிவே ரத்தாகிவிடும். படங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது வெள்ளிக்கிழமை நிலவரம்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் லேப்டாப் 'இடம் போதவில்லை' என்று சிணுங்கியது. எது இடத்தை அடைக்கிறது என்று துழாவினேன். 'அக்கா தேனீ' என்று ஒரு ஃபோல்டர், மலை மாதிரி கிடந்தது. நான் யோசித்தேன். (இந்த இடத்தில்தான் நான் யோசித்திருக்கவே கூடாது.) அசல் மலையில் இருக்கிறது. நகல் பீரோவில் இருக்கிறது. அப்படியானால் என் லேப்டாப்பில் கிடக்கிற இது மூன்றாவது. இது எதற்கு?

அழித்தேன்.

மவுண்ட் செய்த ஃபோல்டர் நகல் இல்லை. அது ஜன்னல். ஜன்னல் வழியாகக் கையை விட்டால் கை போவது நிஜமான தோட்டத்துக்குள்தான். இதை உங்களுக்கு இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன் அல்லவா, அன்றைக்கு எனக்கு இது தெரியாது. இப்படி அழித்தால் எதுவும் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது என்பதும் தெரியாது. அழிய ரொம்ப நேரம் பிடித்தது. லேப்டாப் பழசாகிவிட்டது என்று நொந்துகொண்டு, பஜாருக்குப் போய் டீயும் ஒரு பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அக்காவின் உழைப்பு ஒவ்வொரு தேனீயாக அழிந்துகொண்டிருந்தபோது நான் கடைக்காரரிடம் சட்னி கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது போன் அடித்தது. அக்கா, மலையிலிருந்து.

"தம்பி, கம்ப்யூட்டர்ல என் ஃபோல்டரக் காணோமே. நீ எதும் நோண்டுனியா?"

மத்தியானம் நான் அழித்தது கண் முன்னால் வந்து நின்றது. இருந்தாலும் இன்ஜினியர் இன்ஜினியர்தானே.

"பதறாதக்கா. இதுக்குத்தான பேக்கப் வச்சிருக்கேன். போன வையி, இந்தா எடுத்துட்டுக் கூப்புடுறேன்."

கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தாடிக்காரர் சொன்ன ஆபத்து வந்தேவிட்டது, நான் தயாராக இருக்கிறேன். பீரோவைத் திறந்து டிஸ்கை எடுத்து மாட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது, அடித்தேன். சாவிப் படத்தைக் கேட்டது. வழக்கம்போல 'அக்கா தேனீ' ஃபோல்டருக்குப் போனேன். அங்கே ஃபோல்டர் இல்லை. சாவியின் அசல் அழிந்துபோன ஃபோல்டரில். சாவியின் நகல் பூட்டிய பெட்டிக்குள். பெட்டியைத் திறந்தால் சாவி கிடைக்கும். சாவி கிடைத்தால் பெட்டி திறக்கும். இதை எத்தனை முறை திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாலும் அது மாறவில்லை.

அடுத்த ஜீப்பைப் பிடித்து மலையேறினேன். அழிந்த ஃபைல்களை டிஸ்கிலிருந்து தோண்டி எடுக்கும் மென்பொருள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேண்டாத சாமியில்லை. மேலே போய்ப் பார்த்தால், மச்சான் தோட்டத்து கேட்டில் மாட்டியிருந்த கேமரா அதே கம்ப்யூட்டரில்தான் பதிவு செய்துகொண்டிருந்தது. நான் காலி செய்து கொடுத்த இடத்தில் அது ஆசை ஆசையாகக் குடியேறியிருந்தது. தோண்டி எடுத்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு காட்டுமாடு கேட்டில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அடுத்ததிலும் சொறிந்துகொண்டிருந்தது. அது திரும்பி மறு பக்கத்தைச் சொறிந்தது மட்டும்தான் வித்தியாசம்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவாடையைச் சுருட்டி, காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷம் என்னை யாராவது அந்தக் காட்டுமாட்டின் முன்னால் தள்ளிவிட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

மச்சான்தான் பேசினார். "சரி, அந்தப் போட்டோ கெடச்சாப் போதும்ல? நம்ம சொந்தத்துல அது இல்லாத போன் இருக்கா?"

ஆமாம்! காதுகுத்துக்கு முன்னால் அந்தப் படத்தை நான் அனுப்பாத ஆளே கிடையாது. அக்காவும் நானும் ஜீப்பில் மலையிறங்கும்போதே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன்: 'என் ஜீப்பு போட்டோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் உடனே அனுப்பவும். மிக அவசரம்.' காரணம் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. அது தப்பாகப் போயிற்று.

கம்பத்துச் சித்தி உடனே போன் போட்டாள். "பொண்ணு எந்த ஊருடா அப்பு? என்ன படிச்சிருக்கு?" பெரியப்பாவோ நேராக அம்மாவைக் கூப்பிட்டு, "என்னத்தா, பயலக் காணோமா? போலீசுல சொல்லிட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். ஜீப்பில் பக்கத்தில் இருந்த தோட்ட வேலைக்காரப் பெண் ஒருத்தி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தவள், "அப்போ தம்பி, சாவிய உள்ள வச்சுப் பூட்டீட்டியோ?" என்றாள். ஜீப்பே சிரித்தது. அக்கா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். போன் நிறைய என் மூஞ்சி. ஒவ்வொன்றாக இறக்கி, சாவியாகக் காட்டினேன். திறக்கவில்லை. சித்தி அனுப்பியதில் நான்கு மூலையிலும் ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும் இருந்தன. (அவள் அதைப் பல காலைகளுக்குப் பயன்படுத்தியிருந்தாள்.) திறக்கவில்லை. மாமா ஒருவர் தன் பையனுடைய படத்தை அனுப்பி, "இவனுக்கும் பாருங்க" என்று எழுதியிருந்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாட்ஸப் எந்தப் படத்தையும் அப்படியே அனுப்பாது. போகிற வழியில் அமுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். நம் கண்ணுக்கு அதே மூஞ்சி, பூட்டுக்கு வேறு ஆள். படம் எடுத்தது மச்சான் போனில். அது அடுத்த மாதமே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. இன்டர்நெட்டில் என் படங்களைச் சேர்த்து வைக்கும் இடத்திலும் பார்த்தேன். இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் படங்களைச் சுருக்கி வைக்க நானே சொல்லியிருந்தேன். எங்கு போனாலும் எனக்கு முன்னால் நான் போய் நின்று காரியத்தைக் கெடுத்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அக்கா மறுபடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தாள். தேனீயைப் பார்க்கிற பார்வை அது.

"டேய் கதிரு. காதுகுத்துக்கு வச்ச ஃப்ளெக்ஸ்ல ஒன் மூக்கு முடி தெரிஞ்சுச்சு."

"அக்கா, இப்ப அதெல்லாம்…"

"கேளுடா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல அம்புட்டு ஒசரத்துக்கு நின்ன. மூக்கு முடி தெரிஞ்சுச்சு, சட்டைல பட்டன் நூலு தெரிஞ்சுச்சு. கொழந்தைக எல்லாம் காட்டிக் காட்டிச் சிரிச்சுதுக. வாட்ஸப் படத்த அம்புட்டுப் பெருசாக்குனா மொகமே பனி மூடுன மாதிரில இருக்கும்? அப்ப ஃப்ளெக்ஸ் கடைக்கு என்னத்தக் குடுத்த?"

நான் எழுந்தேவிட்டேன். ஃப்ளெக்ஸ் கடை ஜமால் பாய்! "வாட்ஸப்புல அனுப்பாத மாப்ளே, கலங்கிப் போகும், ஒரிஜினல பென் டிரைவுல கொண்டா" என்று அவர் என்னைத் திருப்பி அனுப்பியதும், நான் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. (அந்தப் பென் டிரைவ் அப்போதே தொலைந்துவிட்டது.)

"வெரசாக் கெளம்பு" என்றாள் அக்கா. லேப்டாப்பையும் டிஸ்கையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

ஜமால் பாய் கடை பஜாருக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சுவர் முழுக்கக் கல்யாணம், எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றும் பதறவில்லை.

"அழிக்கிறதுங்குற சோலியே நம்மகிட்டக் கெடையாது மாப்ளே. இன்னைக்குக் காதுகுத்துக்குப் போட்ட படம் நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகும். அதுக்குப் பெறகு எப்பயாச்சும் இந்தச் செவத்துக்கும் ஆகும்ல?" என்று கண்ணீர் அஞ்சலிப் பக்கம் கையைக் காட்டினார்.

கம்ப்யூட்டரைத் திறந்தார். 'புது', 'புது புது', 'கடைசி', 'கடைசிக்குக் கடைசி' என்று ஃபோல்டர்கள். 'காதணி' என்பதைத் திறந்தார். அங்கே நான் இருந்தேன். பரவசத்தோடு அதை எடுத்துப் பூட்டில் காட்டினேன். திறக்கவில்லை.

"அது நான் வெளுப்பாக்குனது. நீ குடுத்தப்பக் கொஞ்சம் மங்கலா இருந்த" என்றார் பாய்.

இன்னும் கீழே போனார். அங்கேயும் நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டிருந்தேன், ஆனால் தலை வேறு. அடுத்த படத்திலும் அதே கை கட்டு, அதே சட்டை, மீசை வைத்த இன்னொரு தலை. அதற்கடுத்ததில் ஒரு வழுக்கைத் தலை. நான் பாயைப் பார்த்தேன்.

"கோச்சுக்கிராத மாப்ளே. எல்லாருக்கும் இப்படி ஒரு போஸு வேணுங்குறாங்க. எல்லாருகிட்டயும் ஜீப்பு இருக்கா? இந்த ஊருல பாதித் தாய்மாமனுக்கு இப்ப ஒன் ஒடம்புதேன்."

பக்கத்தில் ஏதோ சத்தம். திரும்பினால் அக்கா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு வந்த ரோஷம் அதைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

"தலையும் மாத்தாம, வெளுப்பும் ஏத்தாம ஒன்னு இல்லையா பாய்?" என்று அவள்தான் கேட்டாள்.

பாய் தாடையைச் சொறிந்தார். "ஒன்னு இருக்கணும் தங்கச்சி. அந்தப் படத்துல ஜீப்பு ரொம்ப நல்லா விழுந்திருந்துச்சு. ஜீப்புக்காகத் தொடாம ஒன்னு தனியா வச்சேன்."

'ஜீப்பு' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கட்சிக்காரர் ஜீப்பு, சாமி ஊர்வல ஜீப்பு, கடைசியில் மச்சான் ஜீப்பு. அதன் மேல் சாய்ந்தபடி, மங்கலாக, மூக்கு முடியோடு, சாட்சாத் நான். என் மூஞ்சிக்காக ஒருத்தரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. ஜீப்பு அழகாக இருந்ததால் நான் பிழைத்தேன்.

பாய் அதைத் திறந்தார். திறந்த கையோடு பழக்க தோஷத்தில் என் கன்னத்தில் பிரஷ்ஷை வைத்தார். "இருங்க, லேசா ஒரு வெளுப்பு மட்டும் ஏத்தி சேவ் பண்ணித் தந்துர்றேன்…"

"தொடாதீங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாயின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தேனீ ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கை அவ்வளவு வேகமாக வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவென் கருப்பாவே இருக்கட்டும் பாய். அப்படியே குடுங்க" என்றாள்.

அப்படியே கொடுத்தார். மூடிவிட்டு, தொடாமல், பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தார். பாஸ்வேர்டை அடித்தேன். படத்தைக் காட்டினேன். லேப்டாப் கொஞ்ச நேரம் யோசித்தது. என்னைப் பார்த்தால் யாருக்கும் வருகிற யோசனைதான். அப்புறம் திறந்தது.

முதலில் வந்தது ஒரு தேனீ. ஏலப்பூவின் வெள்ளை இதழில், ஊதாக் கோடுகளுக்கு மேல், தலையை உள்ளே விட்டுக்கொண்டு. அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கில். அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அதில் கோபமும் இருந்தது, அன்பும் இருந்தது, வலி மட்டும் முழுசாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். வலியினால்தான் என்று பாயிடம் சொன்னேன்.

நகல் போன ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எடுத்த படங்கள் கேமராவிலேயே இருந்தன, பிழைத்தோம். ஆனால் அந்த வாரம் அவள் எழுதிய கடைசி அத்தியாயம் போனது போனதுதான். சனி மத்தியானத்திலிருந்து அக்கா வாயால் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். எனக்கு இன்றைக்கும் தேனீயின் பின்னங்காலில் மகரந்தம் எப்படி ஒட்டுகிறது என்பது மனப்பாடம். திங்கட்கிழமை மதுரை ரயிலில் போய்க் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்தாள். பிற்பாடு வாய்மொழித் தேர்வும் முடிந்து டாக்டர் செல்வி ஆனாள். பாய் இலவசமாக வாழ்த்து ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் அக்கா நின்ற ஜீப்பு எந்த ஜீப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அக்கா இந்தப் பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "பூட்டு இருக்கட்டும். ஆனா சாவி ஒரே எடத்துல இருக்கக் கூடாது" என்று என் படத்தைப் புள்ளி மாறாமல் பல பென் டிரைவ்களில் போட்டு, கம்பத்துச் சித்தி, பெரியப்பா, தேனியில் அத்தை என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒன்று கொடுத்தாள். எது என்ன என்று குழப்பம் வரக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டி, நூல் கோத்து, சாவி மாட்டுகிற ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறாள். இப்போது நான் எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் பைக் சாவிக்கும் பீரோ சாவிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். பெரியப்பா வீட்டுக்கு வந்த சம்பந்தி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், சின்ன வயசு. எப்பத் தவறுனாரு?" என்று கேட்டாராம். பெரியப்பா, "அவென் தவறாத நாளு ஏது?" என்றிருக்கிறார்.

எனக்குக் கல்யாணம் ஆகி, அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போன அன்று, அங்கேயும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என்னை என் மனைவி பார்த்துவிட்டாள். நெகிழ்ந்துபோய், "ஒங்க தம்பி மேல அம்புட்டுப் பாசமா மதினி?" என்று கேட்டாள்.

"பாசமா?" என்றாள் அக்கா, குழம்பை ஊற்றிக்கொண்டே. "அது தேனீப் பொட்டிச் சாவி ஆத்தா. ஆளு தொலைஞ்சாத் தேடிக்கிரலாம். படம் தொலையக் கூடாது." பிறகு முழுக் கதையையும் சொன்னாள். பஜ்ஜியைக்கூட விடவில்லை.

என் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்க ஒரு முறை பார்த்தாள்.

"எனக்கும் ஒன்னு குடுங்க மதினி," என்றாள். "எங்க அம்மா வீட்லயும் மாட்டி வச்சிர்றேன்."